அல்ட்ராசவுண்டில் ழகரம் வரும்போது நாக்கு நுனி மறைந்துவிடுகிறது: எப்படிச் சரிசெய்வது?

ஒலியன்:
வணக்கம். தமிழ் ஒலிப்பு ஆய்வுக்காகத் தாடைக்கு அடியில் வளைவு ப்ரோப் (ஒலி அலையை அனுப்பித் திரும்ப வாங்கும் முனை) வைத்து (5 மெகாஹெர்ட்ஸ், ஆழம் 10 செ.மீ.) ட, ள, ழ மூன்றையும் நாக்கின் நடுக்கோட்டு வெட்டில் பதிவு செய்கிறோம். கருவியின் வீடியோ வெளியீட்டைத்தான் கணினியில் பிடிக்கிறோம், நொடிக்கு 30 ஃப்ரேம். 'பழம்' சொன்னால் அகரம் வரை நாக்குக் கோடு பளிச்சென்று தெரிகிறது. ழகரம் வந்ததும் முன்பக்கம் இருண்டுபோகிறது. 'படம்' என்பதில் டகரத்தின் அசைவு சில தடவை படத்தில் விழுவதே இல்லை. ஒரே ஆளின் இரண்டு நாள் பதிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. போதாக்குறைக்கு, ஒருவருக்கு நாக்கை நீட்டினால் இடப்பக்கம் சாய்கிறது. அவருடைய தரவை வைத்துக்கொள்ளலாமா?

அலைவாங்கி:
முதல் சிக்கலுக்கு உங்கள் ப்ரோப் மேல் பழி இல்லை. ஒலி அலை தசையைக் கடந்து காற்றைத் தொட்டதும் ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பிவிடும். நாக்கின் மேற்பரப்பு பளிச்சென்று தெரிவதே அதனால்தான். நுனியை மேலே மடக்கும்போது அதற்கு அடியில் ஒரு காற்றறை உண்டாகிறது. அலை வாயின் அடித்தளத்தோடு நின்று திரும்பிவிடும், மேலே இருக்கும் நுனியை அது எட்டுவதே இல்லை. தாடை எலும்பின் நிழல் வேறு முன்பக்கத்தை மறைக்கும்.

இங்கே பலரும் சறுக்குவது ஒன்று உண்டு. அந்த நேரத்தில் முன்பக்கம் தாழ்வாக ஒரு வெளிச்சக் கோடு தெரியும். அது நாக்கு அல்ல, வாயின் அடித்தளம். அதை நுனி என்று வரைந்தால் ழகரத்தில் நாக்கு கீழே இறங்கியதாக முடிவு வந்து நிற்கும்! கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) ஏற்றினாலும் இரைச்சல்தான் கூடும். ப்ரோப்பைச் சற்று முன்பக்கம் சாய்த்தால் கொஞ்சம் மீளும், முழுதும் மீளாது.

அதனால் அல்ட்ராசவுண்டில் நாக்கின் நடுவுடலையும் வேரையும் மட்டும் அளவிடுங்கள். அதுவே நிறையச் சொல்லும். நாக்குக்குள் எலும்பு கிடையாது, கன அளவும் மாறாது; ஓரிடம் ஒடுங்கினால் இன்னோரிடம் புடைத்தே ஆகவேண்டும். யானைத் துதிக்கை, ஆக்டோபஸ் கை, நாக்கு மூன்றையும் உயிரியல் ஆய்வாளர்கள் கியரும் ஸ்மித்தும் 1985இல் ஒரே இயக்கமுறையில் சேர்த்தது இந்தக் காரணத்தால்தான்.

ஃப்ரேம்கணக்கு:
டகரம் தொலைவதற்குக் காரணம் எளிய கணக்கு. 30 ஃப்ரேம் என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லிநொடி. உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் டகரத்தில் நாக்கு தட்டும் நேரம் அதற்குள்ளேயே முடிந்துவிடக்கூடும். வீடியோ வெளியீட்டில் இரண்டு ஸ்கேன்கள் ஒரே படத்தில் பாதிப்பாதியாக ஒட்டிக்கொள்வதும் நடக்கும். நாக்குக் கோடு நடுவில் உடைந்து தெரிந்தால் அதுதான்.

கருவியின் மூல ஸ்கேன் தரவையே எடுங்கள். தசையில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர். 10 செ.மீ. போய்த் திரும்ப ஒரு ஸ்கேன் வரிக்கு 130 மைக்ரோநொடி; இப்படிப் பல வரிகள் சேர்ந்ததே ஒரு படம். 128 வரி என்றால் 16.6 மில்லிநொடி, அதாவது 60 ஃப்ரேம்தான். ஆழத்தை 8 செ.மீ. ஆக்கி, வரியை 64ஆகக் குறைத்தால் 150 ஃப்ரேமை எட்டலாம். பெரியவர்களுக்கு 8 செ.மீ. போதுமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், நாக்கின் முதுகு வெட்டுப்படக்கூடாது. ஒலியையும் படத்தையும் கண்ணால் பார்த்து ஒட்டாமல், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கருவி தரும் துடிப்பை ஒலிப்பதிவின் இரண்டாவது தடத்தில் ஏற்றிவிடுங்கள்.

இரண்டு நாள் பதிவு பொருந்தாததற்குக் காரணம் ப்ரோப் நகர்ந்ததுதான். தலைக்கவசத்தில் பூட்டுங்கள், ஆனால் அழுத்தி வைக்காதீர்கள். தாடை திறப்பே மாறிவிடும். ஒவ்வொரு அமர்விலும் தட்டையான பிளாஸ்டிக் தகட்டைக் கடிக்கச் சொல்லி, நாக்கை அதன்மேல் அழுத்தவைத்து ஒரு படம் எடுங்கள். அந்த நேர்கோட்டைக் கிடைமட்டமாகத் திருப்பிவிட்டால் எல்லா அமர்வும் ஒரே தளத்துக்கு வரும். ஒரு மிடறு தண்ணீர் விழுங்கவையுங்கள். விழுங்கும் கணத்தில் இடையில் காற்று இல்லாததால் மேலண்ணம் தெரியும், அதையும் வரைந்துகொள்ளலாம்.

உணரி:
நுனிதான் வேண்டுமென்றால் மின்காந்த உணரிகள்: நாக்கில் ஒட்டினால், காந்தப்புலத்தை வைத்து அதன் அசைவைப் பின்தொடரும். நாக்கைத் துணியால் நன்கு ஒற்றிக் காயவைத்து, நுனியிலிருந்து 1 செ.மீ. உள்ளே முதல் உணரியை ஒட்டுங்கள். முழுக்க நுனியில் ஒட்டினால் பேச்சே கெடும். ஈரத்தில் ஒட்டினால் பாதியில் கழன்று வரும். ஒட்டிய உடனே பதியாதீர்கள், சில நிமிடம் பேசிப் பழகட்டும். பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

மேலண்ணத்தில் பொருத்தும், 62 மின்முனை கொண்ட செயற்கை அண்ணத் தகடு ட, ள இரண்டுக்கும் உதவும். ஆனால் அண்ணத்தில் எங்கே பட்டது என்றுதான் அது காட்டும். பட்டது நுனியா, நுனியின் அடிப்பக்கமா என்று காட்டாது. ழகரத்தில் நடுவில் தொடுகையே இருக்காது. 'ஒற்றல்', 'வருடல்' என்று நம் இலக்கணம் வேறுபடுத்துவது சும்மா இல்லை. 1999இல் நாராயணன், பர்ட், கான் மூவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் ஆராய்ந்தபோது எம்ஆர்ஐ, அண்ணத் தொடுகைப் பதிவு, காந்த உணரிகள் மூன்றையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள்.

நாநரம்பு:
இடப்பக்கம் சாய்பவர் பற்றி. முதலில் அது நிஜச் சாய்வா என்று பாருங்கள். முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் உதடு கோணி, நேராக நீளும் நாக்கும் சாய்ந்ததுபோலத் தோன்றும். உதட்டை விரலால் நேராக்கி, வெட்டுப்பற்களின் நடுக்கோட்டோடு ஒப்பிடுங்கள்.

நிஜமென்றால், நாக்கை முன்னே தள்ளும் ஜீனியோகுளோசஸ் தசை இடப்பக்கம் வலுவிழந்திருக்கிறது. வலத்தசை தள்ளுவதால் நாக்கு இடப்பக்கம் போகிறது. நாக்குத் தசைகளை இயக்கும் இடது 12ஆம் கபால நரம்பே பழுதென்றால் அந்தப் பாதி நாளடைவில் சுருங்கும், தசைத் துடிப்பும் தெரியலாம். துடிப்பை நாக்கு வாய்க்குள் ஓய்வாகக் கிடக்கும்போதுதான் பார்க்கவேண்டும்; நீட்டிய நாக்கு யாருக்கும் நடுங்கும். நாக்கு சுருங்காமல், இடக்கையும் இடக்காலும் தளர்ந்திருந்தால் பழுது வலப்பக்க மூளையிலோ என்று நினைக்கவேண்டும். சாய்வு புதிதென்றால் ஆய்வை நிறுத்தி, அவரை உடனே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தரவை மற்றவர்களோடு சேர்க்காதீர்கள். இரு பாதியும் சமமாக இல்லாத நாக்கில் நடுக்கோட்டு வெட்டு எதைக் காட்டுகிறதென்றே சொல்லமுடியாது. ப்ரோப்பைக் குறுக்கே திருப்பி எடுத்துத் தனியாக வையுங்கள்.

ஒலியன்:
மிக்க நன்றி. படத்தில் புள்ளிகளைத் தானே குறிக்கும் டீப்லேப்கட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம், இருண்ட இடத்திலும் நுனியை வரைந்து கொடுக்கிறதே?

அலைவாங்கி:
வரையும், அது ஊகம். ஒவ்வொரு புள்ளிக்கும் கூடவே வரும் நம்பக எண்ணைப் பாருங்கள், தாழ்ந்த புள்ளிகளை நீக்குங்கள். எண் உயர்ந்திருந்தாலும் ழகர ஃப்ரேம்களில் இருபதையாவது கையால் சரிபாருங்கள். அடித்தளக் கோட்டை நுனியென்று குறித்துப் பயிற்றுவித்தால், மென்பொருள் அந்தப் பிழையையே உறுதியாகச் சொல்லும்.