மறுமொழி: பனியூர்தியின் மிதிதளத்தில் பனி இறுகுவதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஸ்நோமொபைல் என்ற பனி வண்டியில் கால் வைக்கும் தளத்தில் பனி சேர்ந்து இறுகுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, நேற்றைய மடல்களில் 'பனிப்படிவு' என்ற சொல்லுக்குப் பெரும்பாலோர் இசைவு தெரிவித்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் சொல்லை நம்பிப் போகிறவர் தவறான மருந்தை வாங்கி வருவார் என்பதே என் கவலை. கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் பெயரில் நமக்குள் சிக்கல் இல்லை. கியூபெக்கில் வால்கூர் என்ற சிற்றூர்க்காரரான பொம்பார்டியே 1959இல் 'ஸ்கீ-டூ'வை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த வணிகப் பெயரையே இன்றும் இங்கே பலர் எந்த நிறுவனத்தின் வண்டிக்கும் சொல்கிறார்கள். பிரெஞ்சில் பொதுப்பெயர் 'மோட்டோநேஜ்', அலாஸ்காவில் 'ஸ்நோமெஷின்'. நமக்குப் 'பனியூர்தி' போதும். 'பனிச்சறுக்கு ஊர்தி' என்றால் சறுக்கு விளையாட்டோடு குழம்பும்; நீளமும் அதிகம்.

காலை வைக்கும் இடத்துக்கு 'ஓடுபலகை' என்று ஒரு நண்பர் தந்திருந்தார். 'ரன்னிங் போர்டு' என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் இதுதான் வரும். ஆனால் அது ஓடுவதும் இல்லை, இன்றைய வண்டிகளில் பலகையும் இல்லை. பெரிய பெரிய துளைகள் வெட்டிய அலுமினியத் தகடு. பிரெஞ்சுக்காரர்கள் 'மார்ஷ்பியே' என்கிறார்கள். மிதிப்பதையும் பாதத்தையும் சேர்த்துச் செய்த சொல். அதே வழியில் 'மிதிதளம்' பொருந்துகிறது. ஓடுதளம், ஏவுதளம் என்று வினைத்தொகையாக ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் புதிதாகப் படிப்பவருக்கும் தடுமாற்றம் வராது. 'மிதிபலகை'யை ஏற்பதிலும் எனக்குத் தடையில்லை, ஆனால் துளையிட்ட தளத்தில் துளைகளைப் பற்றித்தான் நிறையப் பேசப்போகிறோம்.

இனி உண்மையான சிக்கல். மிதிதளத்தில் சேர்வது ஒரே பொருள் அல்ல. குறைந்தது மூன்று நிகழ்வுகளை நாம் ஒரே பெயரில் அடைக்கப் பார்க்கிறோம்.

முதலாவது, மிதிபட்டு இறுகும் பனி. பூட்ஸோடு வரும் பனியும், வண்டியின் அடியில் சுழன்று அதை முன்னே தள்ளும் சுழல்பட்டை வாரியிறைக்கும் பனியும் தளத்தில் விழுகின்றன. ஓட்டுபவர் எழுந்து நிற்பதும் உட்காருவதும் எடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றுவதுமாக அதன்மேல் மிதித்துக்கொண்டே இருக்கிறார். புதிதாகப் பெய்த பனி கனமீட்டருக்கு 100 கிலோகூட இருக்காது. மிதிபட்டு இறுகிய பனி 400 கிலோவைத் தொடும். அழுத்தம் மட்டும் காரணமல்ல. உலோகப் பொடியை உருக்காமலே சூடேற்றித் துகள்களைப் பிணைய வைக்கும் முறையைப் பொறியியல் படித்தவர்கள் அறிவார்கள். பனித்துகள்களும் அப்படித்தான், பூச்சியத்துக்குக் கீழேயே, தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. பூச்சியத்தை நெருங்க நெருங்க அந்தப் பிணைப்பு விரைவாக நடக்கிறது. காலையில் விரலால் தட்டிவிடக்கூடியதாக இருந்தது, மதிய உணவுக்கு நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் கல்லாகியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, நீராக வந்து உறையும் பனிக்கட்டி. திரவத்தால் குளிரும் எஞ்சின் உள்ள வண்டிகளில், சுழல்பட்டையை மூடியிருக்கும் கூட்டின் உட்கூரையில், அந்தத் திரவத்தின் வெப்பத்தை வெளியேற்றும் வெப்பமாற்றி இருக்கிறது. சுழல்பட்டை மேலே வீசும் பனி அதில் பட்டு உருகுவதால்தான் எஞ்சின் குளிர்கிறது. உருகிய நீர் வழிந்தும் தெறித்தும் மிதிதளத்துக்கு வருகிறது. அலுமினியம் பிளாஸ்டிக்கைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவது. நீரின் வெப்பத்தை நொடியில் பறித்து உறையவைத்துவிடும். அலுமினியத்தில் பனிக்கட்டி நன்றாக ஒட்டவும் செய்யும். வெதுவெதுப்பான கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்து உடனே பொடிப்பனியில் இறக்கினாலும் இதே கதைதான்: முதலில் விழும் பனி உருகி உறைந்து, பின்னால் வருவதற்கெல்லாம் அடித்தளம் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, துளைகள் அடைபடுவது. பனி கீழே விழுந்துவிட வேண்டும் என்பதற்காகவே துளைகளை வெட்டியிருக்கிறார்கள். அவை அடைபட்டால் தளம் மூடிய தகடாகிவிடும்.

'பனிப்படிவு' என்ற சொல் இந்த மூன்றில் எதையும் சொல்லவில்லை. படிதல் என்பது மேலிருந்து மெல்ல இறங்கித் தங்குவது. தூசி படிகிறது, வண்டல் படிகிறது. துடைத்தால் போய்விடும் என்ற எண்ணத்தையே அது தருகிறது. என் முன்மொழிவுகள் இவை.

மிதிபட்டு இறுகியதற்குப் 'பனியடை'. தேனடை என்கிறோம், நாள்பட்ட அழுக்கு 'அடை அடையாகப் பெயர்ந்து வந்தது' என்கிறோம். கனமும் இறுக்கமும் பெயர்த்தெடுக்க வேண்டிய தன்மையும் அந்த ஈரெழுத்துக் குறுமையிலேயே வந்துவிடுகின்றன. அடை என்றதும் தோசைக்கல்தான் நினைவுக்கு வரும் என்று கோவை ஐயா எழுதியிருந்தார். தனியே நின்றால் வரும்தான். ஆனால் 'தேனடை' என்ற சொல்லைக் கேட்டு யாரும் பருப்பு அடையை நினைப்பதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. 'பனியப்பல்' என்ற மாற்றும் வந்தது. 'சேறு அப்பியிருக்கிறது' என்ற வழக்கு உயிரோட்டமானதுதான், ஆனால் அப்புவது ஒரே வீச்சில் நடப்பது. இது மிதித்து மிதித்துச் சேர்வது.

நீர் உறைந்து உண்டாவதற்கு 'உறைபடலம்'. பாலேடு போலப் 'பனியேடு' என்று மொன்றியல் அம்மா தந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் நாளேடு, குறிப்பேடு என்று எழுத்துலகம் ஏட்டைத் தனதாக்கிக்கொண்டுவிட்டது. ஒரு பாதுகாப்புக் குறிப்பில் 'பனியேட்டைக் கவனியுங்கள்' என்றால் படிப்பவர் பதிவேட்டைத் தேடுவார். 'பனியாடை'யோ குளிருடுப்பு ஆகிவிடும். உறைபடலத்தில் உறைதலும் உறைபோல மூடுதலும் இரண்டும் கேட்கின்றன.

மூன்றாவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். 'துளையடைப்பு' என்றால் எவருக்கும் விளங்கும்.

ஒரு சொல் போதாதா, பயணியைக் குழப்புவானேன் என்ற கேள்விக்குத் தடுப்பு முறைகளே விடை சொல்கின்றன. பனியடைக்குத் தீர்வு, திறந்த தளமும், அகன்ற துளைகளும், இடையிடையே காலால் உதைத்துத் தள்ளிவிடுவதும். உறைபடலத்துக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. உண்மையில் துளை பெரிதானால் சுழல்பட்டை வீசும் ஈரப்பனி கீழிருந்தும் மேலே வரும். அதனால்தான் முன்பகுதித் துளைகளைச் சிலர் மூடிவைக்கிறார்கள். உறைபடலத்துக்கு வேண்டியது உலோகத்தையும் நீரையும் பிரித்துவைப்பது: வளைந்து கொடுக்கும் ரப்பர் அல்லது நீரை உறிஞ்சாத மூடிய கண்ணறை நுரைப்பாய் ஒட்டினால், மிதிக்கும்போது பாய் நெளிய, வளையத் தெரியாத பனிக்கட்டி வெடித்துப் பிரியும். வெப்பத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. பழைய வண்டிகள் சிலவற்றில் வெப்பமாற்றி மிதிதளத்தை ஒட்டியே ஓடியது; ஓடும்வரை தளம் சுத்தமாக இருக்கும், நிறுத்தியதும் உருகியதெல்லாம் உறையும்.

எல்லாவற்றிலும் என்னை அச்சுறுத்துவது சிலிகோன் தெளிப்பு. சுழல்பட்டைக் கூட்டின் உட்புறத்துக்கு அது நல்லது. அதையே 'பனிப்படிவுத் தடுப்பான்' என்று பொதுவாக மொழிபெயர்த்துவிட்டால், ஒருவர் மிதிதளத்தின் மேற்புறத்தில் அடித்துவிட்டு அதன்மேல் ஏறி நிற்பார். பனி ஒட்டாத இடத்தில் பூட்ஸும் பிடிக்காது. சரிவில் வண்டியைச் சாய்த்துக் குறுக்கே போகும்போது ஓட்டுபவரின் முழு எடையும் ஒரே மிதிதளத்தில், ஒரே பாதத்தில் இருக்கும். அங்கே வழுக்கினால் வண்டி உருண்டு மேலே விழலாம்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்க மிதிதளத்தில் 1 மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பனியடை சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். கனமீட்டருக்கு 400 கிலோ என்றால் ஒரு பக்கம் 6 கிலோ, இரு பக்கமும் 12 கிலோ. எடையைவிட வடிவம்தான் கெடுதல். கூட்டின் சுவரை ஒட்டி அதிகமாகவும் வெளியோரத்தில் குறைவாகவும் சேர்வதால், கால் வைக்கும் தளமே வெளிப்பக்கம் சரிந்துவிடுகிறது.

வாடகை வண்டி எடுக்கும் நம்மவர்களுக்காக எழுதிவரும் பாதுகாப்புக் குறிப்பில் இந்தச் சொற்களை இப்படிக் கையாண்டிருக்கிறேன்:

"புறப்படும் முன் வண்டியை வெளியே நிறுத்திக் குளிர விடுங்கள். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் மிதிதளத்தைப் பாருங்கள். பனியடை இருந்தால் இறுகுவதற்குள் காலால் தள்ளிவிடுங்கள். துளையடைப்பு இருந்தால் பிளாஸ்டிக் கரண்டியால் கீழ்நோக்கிக் குத்தி நீக்குங்கள். உறைபடலத்தை இரும்புக் கம்பியால் சுரண்டாதீர்கள். ரப்பர்ச் சுத்தியலால் தட்டுங்கள். மிதிதளத்தின் மேல் எண்ணெயோ சிலிகோனோ பூசாதீர்கள்."

இதில் எந்த வரியில் 'பனிப்படிவு' என்று மாற்றிப் போட்டாலும் படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது மங்கிவிடுவதைப் பாருங்கள். தடுப்பைக் குறிக்க 'அடைதடுப்பு', சேர்ந்த பின் எடுப்பதற்கு 'அடைநீக்கம்' என்று இரண்டையும் பிரித்தே வைக்கலாம். பூச்சுக்கு 'ஒட்டாப்பூச்சு' சரியாக இருக்கும்.

இன்னும் இரண்டு உறுப்புகளுக்குப் பெயர் வேண்டும். மிதிதளத்தின் வெளியோரத்தில் பூட்ஸ் பிடிப்பதற்காக ரம்பம் போல வெட்டியிருப்பதற்குப் 'பல்விளிம்பு' என்று எழுதியிருக்கிறேன். இறுகிய பாதைகளில் பனியைக் கீறி வெப்பமாற்றிக்கு அனுப்பும் கம்பிக்குக் 'கீறி' போதுமா, 'பனிகீறி' வேண்டுமா என்று முடிவு செய்ய முடியவில்லை. குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வியாழன் இரவுக்குள் உங்கள் கருத்தைத் தெரிவித்தால் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கியூபெக்கிலிருந்து