அபிநயாவை முதலில் கண்டுகொண்டது என் தங்கைதான்

2009-ல் 'நாடோடிகள்' பார்த்தபோது, சசிகுமாரின் தங்கையாக வரும் அபிநயாவுக்குக் காது கேட்காது, பேசவும் வராது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கைக்குப் படம் ஓடும்போதே தெரிந்துவிட்டது. அவளும் பிறவியிலேயே காது கேளாதவள். என் கையைத் தட்டி, திரையைக் காட்டி, தன் காதைத் தொட்டு, "என்னை மாதிரிதான்" என்று சைகை செய்தாள். நான் நம்பவில்லை. எப்படிச் சொல்கிறாய் என்று இடைவேளையில் கேட்டேன். எதிரே இருப்பவர் பேசும்போது அந்தப் பெண்ணின் பார்வை அவர் வாயைவிட்டு நகரவே இல்லை என்றாள்.

அப்புறம் டிவியில் அந்தப் படம் போடும்போதெல்லாம் அதைத்தான் கவனிக்கிறேன். எதிராளி வசனத்தை முடித்ததும் சரியான நொடியில் முகம் மாற வேண்டும். காது கேட்பவருக்கு அது தானாக வந்துவிடும். இவர் உதட்டைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். எதிராளி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் போச்சு, காட்சியின் தாளமே மனப்பாடமாக இருக்க வேண்டும். அந்த வேடத்துக்குப் பிலிம்பேர் விருது கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதே வேடத்தைத் தெலுங்கில் 'சம்போ சிவ சம்போ'விலும் கன்னடத்தில் 'ஹுடுகரு'விலும் அவரே செய்தார். 2024-ல் வந்த மலையாளப் படம் 'பணி'யில் ஜோஜு ஜார்ஜின் மனைவியாக வந்தார்.

காது கேளாத ஹாலிவுட் நடிகர்களான மார்லி மாட்லின் 1987-லும் டிராய் கோட்சர் 2022-லும் ஆஸ்கார் வாங்கியது காது கேளாத பாத்திரங்களில், சைகை மொழியில் நடித்ததற்காக. அபிநயாவோ நாடோடிகளில் பேசும் பெண்ணாகவே வாயசைத்து நடித்தார். நம் சினிமாவில் கதாநாயகிக்கு இன்னொருவர் குரல் கொடுப்பது காலங்காலமாக உள்ள வழக்கம். இவருக்குக் கதவைத் திறந்துவிட்டதும் அந்த வழக்கம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதே டப்பிங்தான் என் தங்கைக்குப் பெரிய தொல்லை. மொழி தெரியாத நடிகைகள் எதையோ சொல்லி வாயசைப்பார்கள், அவளுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. அபிநயா வரும் காட்சிகளில் மட்டும் நிமிர்ந்து உட்காருவாள். அவர் உதட்டிலிருந்து வசனத்தை எனக்கே எழுதிக் காட்டியிருக்கிறாள்.

தங்கைக்கு ஒரே ஓர் ஆசை. அபிநயா காது கேளாத பெண்ணாகவே, தன் கைகளால் பேசியே சண்டை போட்டு, காதலித்து, கிண்டலடிக்கும் முழுநீளத் தமிழ்ப் படம் ஒன்று வர வேண்டும். பரிதாபத்துக்காக எழுதிய வேடம் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறாள். எனக்கும் அதுதான் ஆசை. அப்படி ஒரு படம் வந்தால், தியேட்டரில் தமிழ் சப்டைட்டிலோடு போடுங்கள். திரையரங்குகளில் காது கேளாதோருக்கான வசதிகள் பற்றி மத்திய அரசு 2024 மார்ச்சிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. நாங்கள் இன்னமும் ஓடிடியில் வரும்வரை காத்திருந்துதான் பார்க்கிறோம்.