பெரும்பாக்கத்தில் மருதாணி நிற உள்ளான்: இது எந்தப் பறவை?

மேடவாக்கம் டெய்லரக்கா – ஏப்ரல் 24

எல்லோருக்கும் வணக்கம். மேடவாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை திறக்கும்வரை காலையில் ஒன்றரை மணி நேரம் எனக்கே எனக்கு. சோழிங்கநல்லூர் சாலையோரம் பெரும்பாக்கம் ஈரநிலத்துப் பக்கம் போய் நின்றுவிடுவேன். கையில் இருப்பது பழைய பைனாகுலர், ஒரு கண்ணாடியில் லேசாகப் பூசணம். கேமரா கிடையாது. போட்டோ கேட்காதீர்கள், வாயால்தான் சொல்ல முடியும்.

தண்ணீர் நன்றாக வற்றிச் சேறு தெரிகிறது. வழக்கம்போல கொசு உள்ளான் கூட்டம், சேற்றில் மேயும் சின்னப் பறவை. அதற்கு நடுவே ஒரு சுற்றுப் பெரியதாகப் பத்துப் பன்னிரண்டு. கழுத்திலிருந்து வயிறுவரை சிவப்பு. என்ன சிவப்பு என்றால், அரக்கும் இல்லை, காவியும் இல்லை. மருதாணி வைத்து மூன்றாம் நாள் விரலில் நிற்குமே, அந்த நிறம். மூக்கு கறுப்பு, நீளம், நுனிப்பக்கம் கீழே லேசாக வளைகிறது.

குழப்பம் என்னவென்றால், மூன்று நான்கு மட்டும் பாதி பாதியாக இருக்கின்றன. சாம்பல் உடம்பில் சிவப்பு ஒட்டு. லைனிங் பத்தாமல் கைக்குக் கிடைத்த துண்டை வைத்துத் தைத்த மாதிரி. இன்னும் சில முழுச் சாம்பல், ஆனால் அதே மூக்கு, அதே உயரம். மார்ச் முதல் வாரம்வரை நான் பார்த்ததெல்லாம் இந்தச் சாம்பல்தான். நடுவில் கல்யாண ஆர்டர், ஒரு மாதமாகப் போக முடியவில்லை. சிவப்பு புதிதாக வந்த பறவையா? ஒரே இனமா, இரண்டா?

கூட வந்த நாத்தனார் மகன் "சேறு ஒட்டியிருக்கும் அத்தை" என்கிறான். சேறு இப்படி அளவெடுத்தா ஒட்டும்?

உள்ளான்பித்தன் – ஏப்ரல் 24

அக்கா, மூக்கைச் சொன்னீர்களே, அதிலேயே பாதி முடிந்துவிட்டது. கர்லூ சேண்ட்பைப்பர். வளைமூக்கு உள்ளான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இனம்தான். நீங்கள் மார்ச்சில் பார்த்த அதே சாம்பல் கூட்டம்தான் துணி மாற்றிக்கொண்டு நிற்கிறது.

குளிர்காலம் முழுக்க சாம்பல் இறகு. கிளம்பும் காலம் நெருங்கினால் அது உதிர்ந்து சிவப்பு முளைக்கும். நீங்கள் சொன்ன ஒட்டுத்துணிக் குருவிகள் பாதி மாற்றியவை. ஆணுக்குச் சிவப்பு ஆழமாக இருக்கும், பெண்ணுக்குக் கொஞ்சம் வெளிறி, வயிற்றில் வெள்ளை கலந்திருக்கும். முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் துந்திராவில். ஜூனில் அங்கே பனி விலகும்போது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் இப்போது தலை நிமிராமல் தின்கின்றன. சாதாரணமாக 60 கிராம் சுமார் இருக்கும் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டால்தான் வழியைத் தாண்ட முடியும்.

ஒன்று மட்டும் சரிபாருங்கள். பறக்கும்போது வாலுக்கு மேலே பளிச்சென்று வெள்ளை தெரிகிறதா? கொசு உள்ளானுக்கு அந்த இடத்தில் நடுவே கறுப்புக் கோடு ஓடும். கருவால் மூக்கனும் இந்த மாதத்தில் சிவக்கும், ஆனால் அது நெட்டைக் கால்காரன். நீண்ட மூக்கு, அடிப்பக்கம் இளஞ்சிவப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

வேளச்சேரி வாசு – ஏப்ரல் 25

60 கிராமை வைத்துக்கொண்டு சைபீரியா போகிறதா! எனக்கு மேடவாக்கம் கூட்டு ரோட்டைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகிறது.

சரி, என் சந்தேகம். முழுச் சாம்பலாக இருப்பவை எப்போது மாற்றும்? லேட்டா, இல்லை நோயா?

உள்ளான்பித்தன் – ஏப்ரல் 25

நோய் இல்லை வாசு சார். பெரும்பாலும் போன வருஷம் பிறந்த குஞ்சுகள். முதல் கோடையில் பல குஞ்சுகள் வடக்கே போவதே இல்லை, தெற்கிலேயே தங்கிவிடும். மே, ஜூனில் சேற்றில் தனியாகச் சாம்பலாக நின்றால் அதுதான்.

இன்னொரு விஷயம், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். "பறக்கிற ஷாட்" வேண்டும் என்று சேற்றில் இறங்கிக் கை தட்டுகிறவர்களைப் போன ஞாயிறு பார்த்தேன். ஒவ்வொரு தடவை கிளப்பிவிடும்போதும் அது சேர்த்த கொழுப்புதான் கரைகிறது. 2024-ல் ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, இந்த இனத்துக்கு அழியும் ஆபத்து கூடிவிட்டது என்று தன் பட்டியலில் ஒரு படி ஏற்றிவிட்டது. சாலையோரமே போதும் சார்.

தரமணி டீச்சர் – ஏப்ரல் 26

டெய்லரம்மா, போவதென்றால் சீக்கிரம் போங்கள். ஒரு கோடை மழை வெளுத்து வாங்கினால் சேறு மூடிக்கொள்ளும், இவற்றின் காலுக்கு அது ஆழம். அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் ஏழரைக்கே கானல் ஆடும், பைனாகுலரில் எல்லாம் நெளியும். ஐந்தே முக்காலுக்கு அங்கே இருங்கள், வெயில் முதுகில் விழுகிற பக்கமாக நில்லுங்கள்.

அப்படியே தண்ணீர்மேல் தாழப் பறக்கும் மீசை ஆலாவையும் பாருங்கள், இப்போது வயிறு கறுத்திருக்கும். மே மாதம் நீண்ட வாலோடு இலைமேல் நடக்கிற ஒன்றைப் பார்த்து விருந்தாளி என்று நினைத்துவிடாதீர்கள். அது நீளவால் இலைக்கோழி, நம்ம ஊர்க்காரன், வால் மட்டும்தான் சீசனுக்கு.

மேடவாக்கம் டெய்லரக்கா – ஏப்ரல் 28

பித்தன் தம்பிக்கும் டீச்சருக்கும் நன்றி. நேற்று விடியற்காலை ஒரு பருந்து தாழப் பறந்ததில் மொத்தமும் எழும்பியது. வெள்ளை தெரிந்தது, வாலுக்கு மேலே, வேட்டி ஓரம் மாதிரி. கொசு உள்ளானின் கறுப்புக் கோட்டை என் பூசணக் கண்ணாடி காட்டவில்லை. சிவப்பு 14 எண்ணினேன். இரண்டில் வெள்ளை கலந்திருந்தது, பெண்ணாக இருக்கும். முதுகு இறகைப் போன தடவை சரியாகப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் கறுப்பு, ஓரத்தில் வெளிர் பார்டர். பிக்கோ அடித்தது போல அவ்வளவு சீராக இருக்கிறது. நாத்தனார் மகனுக்குக் காட்டினேன், சேறு பேச்சையே எடுக்கவில்லை.

மேடவாக்கம் டெய்லரக்கா – மே 3

இன்று சிவப்பு ஒன்றுகூட இல்லை. மழையும் பெய்யவில்லை, சேறு அப்படியேதான் இருக்கிறது. சாம்பல் ஐந்து. ஒன்று ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது, நாய் ஒன்று ஓரமாக வந்தபோதும் தாவித் தாவி நகர்ந்ததே தவிர இன்னொரு காலை இறக்கவில்லை. கால் இருக்கிறதா என்று அரை மணி நேரம் நின்று பார்த்தேன். இருக்கிறது. கடை திறக்க லேட்.

உள்ளான்பித்தன் – மே 3

வளர்ந்த பறவைகள் ஆகஸ்டிலேயே திரும்ப ஆரம்பித்துவிடும் அக்கா, சிவப்பு திட்டுத் திட்டாக வெளுத்துப்போயிருக்கும். அதற்குள் அந்தக் கண்ணாடியைக் கொடுத்துத் துடைத்துவிடுங்கள்.