புதுப்பிப்பு: பார்கின்சன் மறதிக்குத் துணை மாத்திரைகள்

பார்கின்சன் நோயில் வரும் மறதிக்கு கோஎன்சைம் கியூ10, கிரியேட்டின் என்ற துணைச்சத்துகளை வாங்கலாமா என்ற என் முந்தைய இழைக்குத் தொடர்ச்சி இது.

அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். அமெரிக்கா, கனடாவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், கியூ10 தினம் 2400 மி.கி. வரை கொடுத்தும் நோய் மெதுவாகவில்லை. 2015-இல் வெளியான ஆய்வில் கிரியேட்டின் 10 கிராமுக்கும் அதே கதிதான்; அதில் அறிவுத்திறன் சோதனையும் சேர்ந்திருந்தது.

முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். பார்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபா உடலில் மாறும்போது, மறதியோடு தொடர்புபடுத்தப்படும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ரத்தத்தில் கூடும். பி12, ஃபோலேட் (இன்னொரு பி வைட்டமின்) குறைந்திருந்தால் இன்னும் ஏறும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம், அவர்கள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். குறை இருந்தால்தான் பி12 மாத்திரையால் பலன்.

இரும்புச்சத்து குடலில் லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும், 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மல்டிவைட்டமினிலும் இரும்பு இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

மூலிகைதானே என்று பூனைக்காலி விதைப் பொடியைச் சேர்க்காதீர்கள். அதில் இருப்பதே லெவோடோபா. மருந்தோடு சேர்ந்து அளவு கூடினால் இல்லாத ஆள் தெரிவார், பேச்சு குழம்பும். வீட்டில் மறதி முற்றிவிட்டது என்று நினைப்பார்கள்.

மருந்துச் சீட்டில் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் இருக்கிறதா? நடுக்கத்துக்குத் தருவது அது. முதியவர்களுக்கு மறதியைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.