உயிரியல் மருத்துவப் பொறியியலா, இயந்திரப் பொறியியலா?

ஹட்டன் மாணவி:
உயர்தரப் பரீட்சைக்குக் கணிதப் பிரிவில் தோற்றி, பொறியியல் பீடத்துக்குப் போதுமென்று ஆசிரியர்கள் சொல்லும் இசட் புள்ளியை (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்திய புள்ளி) பெற்றிருக்கிறேன். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மொரட்டுவையை முதலில் இடுவதா, பேராதனையை முதலில் இடுவதா என்பதுதான் குழப்பம். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் அப்பா, இயந்திரப் பொறியியல் படித்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார். எங்கள் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), நீரிழிவால் ஒரு காலை இழந்த பெரியம்மா ஒருவர் செயற்கைக் காலுடன் நடமாடுகிறார். மேடு ஏறும்போது சமாளித்துவிடும் அவர், இறங்கும்போதுதான் முழங்கால் திடீரென்று மடிந்து தடுமாறுகிறார். அதைப் பார்த்துத்தான் மொரட்டுவையில் உள்ள உயிரியல் மருத்துவப் பொறியியலைப் படிக்கும் ஆசை வந்தது. எது பொருத்தமாக இருக்கும்?

நோர்ட்டன் அண்ணா:
தங்கச்சி, நான் பேராதனையில் இயந்திரப் பொறியியல் படித்து இப்போது நீர்மின் நிலையமொன்றில் வேலை செய்கிறேன். ஆகவே என் பக்கச் சாய்வையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் தடுமாற்றம் முழுக்க முழுக்க இயந்திரவியல் சம்பந்தப்பட்டது. இறக்கத்தில் குதிகால் பட்டதும் பாதம் நிலத்தில் படிய வேண்டும். கணுக்கால் அசையாத செயற்கைப் பாதமென்றால், பாதம் படியும்போது அதனுடன் கீழ்க்காலும் சேர்ந்து முன்னே சாய்ந்து முழங்காலை மடக்கிவிடும். செயற்கை இடுப்பு மூட்டின் கதையும் இப்படித்தான். இங்கிலாந்தின் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜோன் சார்ன்லி முதலில் இடுப்புக் குழியில் டெஃப்லோன் என்ற வழுக்கும் பிளாஸ்டிக்கால் ஆன கிண்ணங்களைப் பொருத்தினார். அவை விரைவாகத் தேய்ந்ததோடு, தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள தசையையும் பாதித்தன. 1962இல் அவர் பொலித்தீன் வகையொன்றுக்கு மாறிய பிறகே அந்தச் சிகிச்சை நிலைபெற்றது. நடக்கும்போது உடல் எடையின் இரண்டரை, மூன்று மடங்கு விசையைத் தாங்கும் மூட்டில் உராய்வையும் தேய்மானத்தையும் கணிப்பதற்கு இயந்திரப் பொறியியலே அடிப்படை.

வைத்தியசாலை அக்கா:
அண்ணா சொல்வது மூட்டுக்கும் காலுக்கும் சரி, ஆனால் நான் படித்த உயிரியல் மருத்துவப் பொறியியல் அவ்வளவோடு முடிந்துவிடுவதில்லை. மொரட்டுவையில் இந்தப் பட்டம் இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் துறையின் கீழ் இருப்பதால் சுற்றுகள், சமிக்ஞைகள், உணரிகள் ஆகியவற்றுக்கே அங்கே முக்கிய இடம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: நான்கு மணி நேரச் சிகிச்சையில் ஒரு நோயாளிக்காக வடிகட்டி வழியே ஏறத்தாழ 120 லீற்றர் சுத்திகரிப்புத் திரவம் பாய்கிறது, அதன் வெப்பநிலையையும் உப்பின் அளவையும் இயந்திரம் ஓயாமல் கண்காணிக்க வேண்டும், இரத்தக் குழாயில் காற்றுக் குமிழி தென்பட்டால் உடனே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அந்த உணரி பிசகினால் வார்டிலிருந்து அழைப்பு எங்களுக்குத்தான் வரும். வேலையைப் பொறுத்தவரை, அரச வைத்தியசாலைகளில் இடங்கள் குறைவு. என்னுடன் படித்தவர்களில் பலர் கருவிகளை இறக்குமதி செய்யும் நிறுவனங்களில் இருக்கிறார்கள், சிலர் மேற்படிப்புக்காக வெளிநாடு போய்விட்டார்கள். செயற்கைக் கால்தான் உங்கள் குறி என்றால், தயங்காமல் இயந்திரப் பொறியியலை எடுத்து, முதுமாணிப் படிப்பில், உடலின் அசைவுகளையும் விசைகளையும் ஆராயும் உயிர்ப்பொறிமுறையியலுக்கு வாருங்கள் என்றே சொல்வேன்.

ஹட்டன் மாணவி:
அப்படியானால் பேராதனையை முதலில் இட்டால் மருத்துவக் கருவிப் பக்கம் வரும் வழி அடைபட்டுவிடாதா, அக்கா?

வைத்தியசாலை அக்கா:
அடைபடாது. இறுதியாண்டு ஆய்வுக்குச் செயற்கைப் பாதத்தையே எடுக்கலாம். மேற்பார்வைக்கு விரும்பும் விரிவுரையாளரை முன்கூட்டியே தேடிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு இடங்களிலும் பொதுப் பாடங்களில் எடுக்கும் புள்ளிகளைப் பார்த்துத்தான் பிரிவு கிடைக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பதுளை ஆசிரியர்:
பிள்ளை, கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை (அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளி) பார்த்துக் கலங்க வேண்டாம், அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். உங்கள் நுவரெலியா, எங்கள் பதுளை இரண்டுமே வசதி குறைந்த மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் அடங்குகின்றன. உங்கள் மாவட்டத்துக்கு இரு பல்கலைக்கழகங்களிலும் சென்ற சில ஆண்டுகளில் அமைந்த வெட்டுப்புள்ளிகளை எடுத்து ஒப்பிட்டு, அதன் பிறகு விருப்ப வரிசையை நிரப்புங்கள்.