குறுக்குத்துறைக்குப் பேர் வந்தது பாறையாலா?

டவுன் பையன்:
வீட்டுக்காரிக்குக் கோயம்புத்தூர். போன வாரம் நம்ம திருநெல்வேலி குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போனேன். தாமிரபரணி ஆற்றுக்குள் நிற்கிற பாறை, அதிலேயே முருகன் கோவில், எல்லாம் பார்த்துவிட்டு, "உங்க அம்மா தினமும் குறுக்கு வலிக்குதுன்னு சொல்றாங்களே, அந்தக் குறுக்குதானா? ஆத்துக்கு ஏது இடுப்பு?" என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்து அங்கே குளிக்கிறவன், பதில் தெரியாமல் முழித்தேன். பாறையை வைத்துத்தான் பேர் வந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலப்பாளையத்தான்:
இடுப்பும் இல்லை, பாறையும் இல்லை தம்பி. துறை என்றால் ஆற்றில் இறங்குகிற இடம். சிந்துபூந்துறை, கருப்பந்துறை எல்லாம் அந்தக் கணக்குதான். 1843இல் சுலோச்சன முதலியார் பாலம் திறக்கும்வரை பாளையங்கோட்டைக்குப் போகவே படகுதான், அதற்கும் அடிதடி. குறுக்கே கடக்க இறங்கின துறை குறுக்குத்துறை. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

ஆச்சி பேரன்:
அண்ணாச்சி சொல்வது துறைக்குச் சரி. பாறைக்குத் தனியாக ஒரு பேர் உண்டு, திருவுருமாமலை. திருச்செந்தூர் மூலவருக்கு இங்கிருந்துதான் கல் வெட்டிப் போனார்கள், திரு உருவுக்குக் கல் கொடுத்ததால் அந்தப் பேர் என்று எங்கள் ஆச்சி சொல்லும். மலை என்று நம்பித் தேடிப் போனால் ஏமாந்துதான் வரணும், அது வேறு விஷயம். இங்கே மூலவரைப் பாறையிலேயே செதுக்கியிருப்பதால் நகர்த்த முடியாது. வெள்ளம் வரும்போது உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கிற மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். தண்ணீர் வருகிற பக்கத்துச் சுவரைக் கவனித்தீர்களா? படகின் முனை மாதிரிக் கூராகக் கட்டியிருப்பார்கள், வருகிற வெள்ளம் அதில் மோதி ரெண்டாகப் பிரிந்து போய்விடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கோவில் முழுகிப்போனது. வடிந்தபிறகு போய்ப் பார்த்தேன், படியெல்லாம் முழங்கால் அளவு சகதி, தூண் இடுக்கில் ஆகாயத்தாமரையும் ஒரு பிளாஸ்டிக் குடமும் சிக்கிக் கிடந்தன. சுவர் அசையவில்லை.

வண்ணார்பேட்டை:
டச்சுக்காரன் தூக்கிக்கொண்டு போனது இந்தக் கல்லில் செய்த சிலையைத்தானே?

மேலப்பாளையத்தான்:
அது வேறு கதை வே. 1640களில் அவர்கள் திருச்செந்தூரிலிருந்து கொண்டுபோனது சண்முகர், உற்சவர், உலோகச் சிலை. கடலில் போட்டதை நாயக்கர் காலத்து அதிகாரி வடமலையப்ப பிள்ளை மீட்டு வைத்தார் என்பார்கள். கல்லால் ஆன மூலவர் இடத்தைவிட்டு நகரவில்லை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீரும்.

டவுன் பையன்:
நன்றி அண்ணாச்சி. வீட்டில் சொன்னேன். "மலையே இல்லாத இடத்துக்கு மாமலைன்னு பேர் வச்ச ஊரு, உங்கள என்ன கேட்டு என்ன ஆகப்போகுது" என்கிறாள். படகு முனைச் சுவரைக் காட்டவில்லை என்று கோபம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகணுமாம்.