வெல்டிங் வண்டியில் இரண்டாவது சிலிண்டர்: அச்சை நகர்த்திய பிறகே அடங்கிய ஆட்டம்

தொடக்கப் பகிர்வு

எங்கள் பட்டறையில் ஒரே இயந்திரத்தைக் கொண்டு மிக் வெல்டிங்கும் (கம்பி தானாக ஊட்டப்பட்டு உருகும் முறை) டிக் வெல்டிங்கும் (டங்ஸ்டன் முனையால் உருக்கும் முறை) செய்கிறோம். உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாமல் காக்க, சாதாரண இரும்புச் சட்டங்களுக்கு ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு வேண்டும். அலுமினியம் வந்துவிட்டால் தூய ஆர்கான் வேண்டும். இயந்திரத்தையும் வாயுவையும் சுமக்கும் தள்ளுவண்டியில் ஒரு சிலிண்டருக்கு மட்டுமே இடம் இருந்ததால், வேலை மாறும்போதெல்லாம் வால்வை மூடி, ரெகுலேட்டரை (வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) கழற்றி, சங்கிலியை அவிழ்த்து, ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்ற வேண்டியிருந்தது. நேரம் போவது ஒருபுறம் இருக்க, நாளுக்கு இரண்டு மூன்று முறை ஸ்பேனர் போட்டதில் ரெகுலேட்டர் நட்டின் விளிம்புகள் மழுங்கி, ஒரு நாள் சோப்பு நீர் தடவிப் பார்த்தபோது இணைப்பில் குமிழ்கள் வந்தன. அன்றைக்குத்தான் இரு சிலிண்டர்களையும் வண்டியிலேயே நிரந்தரமாக நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் முயற்சியில் நான் செய்த பிழையை விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இத்தகைய வண்டியைச் செய்ய முற்படும் பலரும் அதே இடத்தில்தான் தவறுகிறார்கள் என்று பிற்பாடு பார்த்திருக்கிறேன். பழைய வண்டியில் பின்புறம் இரண்டு பெரிய சக்கரங்களும் முன்புறம் இரண்டு சிறிய திரும்பு சக்கரங்களும் இருந்தன. சிலிண்டர் நிற்கும் தட்டு பின் அச்சுக்கும் பின்னால் நீண்டிருந்தது. அந்தத் தட்டை இருபுறமும் அகலப்படுத்தி, 40×40 மி.மீ. ஆங்கிளில் (L வடிவ இரும்பு) சட்டம் அடித்து, 5 மி.மீ. செக்கர் பிளேட்டை (புடைப்பு வரிகள் கொண்ட தகடு) மேலே வைத்து, ஓட்டை இல்லாமல் வெல்டிங் செய்தேன். தட்டின் மேல் ஏறி நின்று குதித்தும் பார்த்தேன், இம்மியும் வளையவில்லை. ஆகவே வண்டி தயாராகிவிட்டது என்று நம்பினேன்.

எடை எங்கே விழுகிறது என்று அப்போது கணக்குப் போடவில்லை. பின்னர் போட்டபோது உடல் சில்லிட்டது. எங்களிடம் உள்ள 47 லிட்டர் எஃகுச் சிலிண்டர் நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 75 கிலோ இருக்கும். தட்டில் அதன் நடுப்பகுதி அச்சிலிருந்து 12 செ.மீ. பின்னால் நின்றது. இயந்திரம் 35 கிலோ, அச்சுக்கு 40 செ.மீ. முன்னால், வண்டிச் சட்டம் 20 கிலோ, அதன் நடு 25 செ.மீ. முன்னால். முன்பக்கம் இழுக்கும் திருப்புவிசையைக் கிலோவையும் சென்டிமீட்டரையும் பெருக்கிப் பார்த்தால் 1,900 வருகிறது. ஒரு சிலிண்டர் பின்பக்கம் இழுப்பது 900 என்பதால் பழைய வண்டி நிதானமாக நின்றது. இரண்டு சிலிண்டர்கள் ஏறியதும் பின்பக்க இழுப்பு 1,800 ஆகிவிட்டது. முன் சக்கரங்கள் அச்சிலிருந்து 60 செ.மீ. தொலைவில் இருந்தபடியால், அவற்றின் மேல் எஞ்சிய சுமை இரண்டு கிலோகூட இல்லை. சமதளத்தில் அது நின்றது என்பதே வியப்பு.

மூன்றாம் நாள், கதவோரம் இருந்த சிறிய சரிவில் கைப்பிடியைப் பிடித்து ஏற்றினேன். முன் சக்கரங்கள் தரையை விட்டு மெல்ல எழுந்தன, சத்தமே இல்லாமல். இரு சிலிண்டர்களையும் சுற்றி ஒரே சங்கிலிதான் போட்டிருந்தேன். அவை இரண்டும் அந்தச் சங்கிலியின் மேல் சாய்ந்ததும் அடிப்பக்கம் தட்டில் வழுக்கத் தொடங்கியது. கீழே இழுத்த கைப்பிடியைத் தோளில் தாங்கிக்கொண்டு, உடன் பணியாற்றும் தம்பி இயந்திரத்தின் மேல் முழு எடையையும் போட்டு அழுத்தும் வரை நின்றேன். ரெகுலேட்டர்கள் இரண்டும் மாட்டியபடியே இருந்தன. 150 பார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 150 மடங்கு) உள்ள சிலிண்டர் விழுந்து வால்வு முறிந்தால் அது ஏவுகணையைப் போலப் பாயும் என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது முறை வண்டியின் அடிச்சட்டத்தையே 40×40 மி.மீ., 3 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாயில் புதிதாகச் செய்தேன். பின் சக்கரங்களை 30 செ.மீ. பின்னுக்குத் தள்ளியதில், சிலிண்டர்களின் நடுப்பகுதி அச்சுக்கு 18 செ.மீ. முன்னால் வந்துவிட்டது. இப்போது மொத்தம் 210 கிலோவில் ஏறக்குறைய 70 கிலோ முன் சக்கரங்களின் மேல் விழுகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு: அச்சுத்தண்டு குறுக்கே ஓடினால், பின்பக்கமாகச் சிலிண்டரை உருட்டி ஏற்ற வழியிருக்காது. ஆகவே குறுக்குத் தண்டைத் தவிர்த்துவிட்டு, இருபுறமும் குட்டை அச்சுகளை, ஒவ்வொன்றையும் இரண்டு தகடுகளின் ஊடாகச் செருகிப் பொருத்தினேன். ஒற்றைத் தகட்டில் நின்றால் அச்சு நாளடைவில் மேல்நோக்கி வளையும். இரு சக்கரங்களுக்கும் இடையே தட்டைத் தாழ்த்தி, தரையிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் அமைத்தேன். முன்பு 20 செ.மீ. தூக்க வேண்டியிருந்த சிலிண்டரை இப்போது சற்றே சாய்த்து, விளிம்பில் சுழற்றி, ஒரு சிறு சாய்பலகையின் வழியாக ஒருவரே ஏற்றிவிடலாம்.

தட்டைத் தாழ்த்தியதில் கிடைத்த பெரிய நன்மை பக்கவாட்டு உறுதிதான். சக்கர இடைவெளியை 44 செ.மீ.யிலிருந்து 62 செ.மீ.க்கு விரித்தேன். என் கணக்கின்படி பழைய அமைப்பு 15 டிகிரி சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும். புதியது ஏறத்தாழ 25 டிகிரி வரை தாங்கும். ஒரு சிலிண்டரை இறக்கிவிட்டு மற்றொன்று ஓரமாக நிற்கும்போது அது 21 டிகிரியாகக் குறைகிறது. ஒற்றைச் சிலிண்டருடன் இருக்கும் நிலையையும் கணக்கில் கொள்ளுங்கள். இரண்டும் எப்போதும் ஏறியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அகலத்தைக் கூட்டும் முன் கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

சங்கிலிகள் இப்போது நான்கு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, உயரத்தின் மூன்றில் ஒரு பங்கில் ஒன்றும் மூன்றில் இரண்டு பங்கில் ஒன்றும் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சங்கிலி போட்டால், ஒன்றை எடுப்பதற்காக அவிழ்த்த அந்த நொடியில் மற்றொன்று பிடிமானமில்லாமல் நிற்கும். நடுவில் ஒரு தகட்டுத் தடுப்பும் வைத்திருப்பதால் இரண்டும் உரசிக்கொள்வதில்லை.

சக்கரங்களைப் பற்றி ஒன்று: மொத்த எடையை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுத்துத் தேர்ந்தெடுங்கள். தரை எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை; பல வேளைகளில் மூன்று சக்கரங்களே முழுச் சுமையையும் சுமக்கும்.

மறுமொழி: குழாய்ப் பணி செய்பவர்

தங்கள் கணக்கு மிகவும் பயன்பட்டது, ஐயா. எனக்கு இரண்டாவது சிலிண்டர் வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களை டிக் முறையில் இணைக்கும்போது, வெளியே டார்ச்சுக்கு (கையில் பிடிக்கும் வெல்டிங் முனை) ஆர்கான் செல்வதைப் போலவே குழாயின் உட்புறத்தையும் ஆர்கானால் நிரப்ப வேண்டும். இல்லையேல் உள்பக்கம் கருகிச் சர்க்கரை உறைந்ததைப் போலச் சொரசொரப்பாகிவிடும். ஒரே சிலிண்டரிலிருந்து இரண்டுக்கும் எடுத்தால், வேலையின் பாதியில் வாயு தீர்ந்து இரு பக்கமும் ஒருசேரக் கெட்டுப்போகும்.

என் வண்டி கவிழவில்லை. அது வேறு விதமாகக் காலை வாரியது. இரண்டாவது சிலிண்டரை இயந்திரத்தின் பின்புறத்தை ஒட்டியே நிறுத்தியிருந்தேன். நீண்ட நேரம் ஓடும்போது மஞ்சள் விளக்கு எரிந்து இயந்திரம் தானாக நின்றுவிடும். இயந்திரம் பழுதாகிவிட்டது என்று எண்ணி மூடியைத் திறந்து தூசியெல்லாம் ஊதிச் சுத்தம் செய்தேன், பலனில்லை. ஒரு நாள் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தபோதுதான், விசிறி காற்றை இழுக்கும் சல்லடையைச் சிலிண்டரின் வளைந்த உடல் ஏறத்தாழ முழுவதுமாக மறைத்திருந்தது தெரிந்தது. தட்டை ஒரு சாண் அளவு நகர்த்திய பிறகு அந்த விளக்கு எரியவில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சிலிண்டர் பக்கத்திலேயே நிற்பதால், டார்ச்சை அதன் வால்வின் மேல் தொங்கவிடும் பழக்கம் எங்களில் சிலருக்கு வந்துவிட்டது. ஒரு நாள் பொத்தான் எதன் மீதோ அழுந்தி, சிலிண்டரின் தோளில் மிளகளவு ஆர்க் (மின்பொறி) தழும்பு விழுந்தது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போலிருந்தாலும், அந்த இடத்தில் எஃகு நொடியில் உருகி நொடியில் உறைந்து, கடினமாகி, விரிசலுக்கு இடம் கொடுக்கும். அந்தச் சிலிண்டரில் குறியிட்டு, வாயு நிரப்பித் தருபவரிடம் விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது டார்ச்சுக்கு வண்டியின் எதிர்ப்பக்கத்தில் ரப்பர் உறையிட்ட தனிக் கொக்கி இருக்கிறது. சிலிண்டரின் அடியில் தடித்த ரப்பர் மேட்டும், சங்கிலியின் மேல் ரப்பர் குழாயும் போட்டிருக்கிறேன். சிலிண்டர் எந்த வகையிலும் மின்பாதையின் பகுதியாகிவிடக் கூடாது. எர்த் கிளாம்பை (மின்சாரம் திரும்பும் கம்பியின் கவ்வி) வண்டிச் சட்டத்தில் மாட்டி வைப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி: புதிதாகப் பட்டறை தொடங்கியவர்

ஐயா, நானும் இதே போல ஒரு வண்டியைச் செய்து, கூடவே வெட்டும் வேலைக்காக ஆக்சிஜனையும் அசிட்டிலீனையும் அதிலேயே ஏற்றிவிடலாமா என்று யோசித்தேன். தட்டையும் அகலமாகவே செய்துவிட்டேன். பிறகு மூத்தவர் ஒருவர் பார்த்து, அவற்றைத் தனி வண்டிக்கு மாற்றச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மிக் வெல்டிங் செய்யும்போது ஒரு தீப்பொறித் துளி பறந்து வண்டியின் தட்டில் விழுந்து, முன்பு அசிட்டிலீன் ஹோஸ் சுருட்டி வைத்திருந்த அதே மூலையில் கிடந்த துணியைப் பொசுக்கியது. அவர் சொல்லியிராவிட்டால் அங்கே துணிக்குப் பதில் ஹோஸ் இருந்திருக்கும். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை இரண்டாவதாக வைப்பதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

தொடக்கப் பகிர்வாளரின் பதில்

தம்பி, அந்த மூத்தவர் சொன்னது முற்றிலும் சரி. ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் எரியாதவை. ஆக்சிஜனும் அசிட்டிலீனும் மின் ஆர்க்குக்கு அருகில் இருக்க வேண்டியவை அல்ல. சேமித்து வைக்கும்போது இவ்விரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று 6.1 மீட்டர் விலக்கியோ, இடையில் தீத்தடுப்புச் சுவர் எழுப்பியோ வைக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. அகலமாகச் செய்த தட்டை வீணாக்க வேண்டாம். கம்பிச் சுருள்களை வைத்துக்கொள்ளுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. திரவத்துக்கு மேலே நிற்கும் வாயுவைத்தான் நாம் எடுக்கிறோம். வண்டி சாய்ந்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய் அதை உறையச் செய்துவிடும். ஆகவே வண்டியை நகர்த்தும் முன் வால்வை மூடிவிடுங்கள். அழுத்தமானியைப் பார்த்து எவ்வளவு மீதி என்று கணிக்கவும் முடியாது. திரவம் உள்ள வரை 20 டிகிரி செல்சியஸில் முள் ஏறத்தாழ 57 பாரிலேயே நிற்கும், திரவம் தீர்ந்ததும் சட்டென்று இறங்கும். எடை போட்டுத்தான் அறிய முடியும். ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் காற்றைவிடக் கனமானவை என்பதால், வண்டியைக் குழிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ இறக்க வேண்டாம்; வெளியே நிறுத்திவிட்டு ஹோஸை மட்டும் நீட்டுங்கள், உள்ளே காற்றோட்டம் இருப்பதையும் உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது வாயு உங்களுக்கு எப்போதாவதுதான் தேவை என்றால், பெரிய சிலிண்டரை ஏற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. 10 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆர்கான் இருக்கும். டிக் வெல்டிங்கில் நிமிடத்துக்கு 8 லிட்டர் செலவானால் மூன்று மணி நேரம் ஆர்க் எரியும். அடிச்சட்டத்தை மாற்றும் வேலை முழுவதும் மிச்சமாகும்.

குழாய்ப் பணி செய்யும் நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு இன்று காலை என் இயந்திரத்தின் பின்புறத்தைப் போய்ப் பார்த்தேன். சல்லடைக்கும் சிலிண்டருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளிதான் இருக்கிறது. இயந்திரத்தை முன்னோக்கி நகர்த்தினால் முன் சக்கரங்களின் சுமை இன்னும் சற்றுக் கூடும். அதை அவை தாங்கும். ஞாயிற்றுக்கிழமை இரு சிலிண்டர்களையும் இறக்கிவிட்டு, இயந்திரத்தின் போல்ட் துளைகளை முன்னால் தள்ளிப் போடப் போகிறேன்.